ஃபத்தூமா வீட்டுக்கு வந்த தாம்பாளம்

அஹ்மிதுவுக்கு மனிதர்களைவிட அவர்கள் வீட்டு ரொட்டி மேல்தான் நம்பிக்கை. ஷாவன் என்ற மலையூரின் மேட்டுச் சந்தில் இருக்கும் பொது அடுப்பு அவனுடையது. அறுபது வீட்டு மாவு காலையில் பலகைமேல் துணி போர்த்திக்கொண்டு வரும், மதியத்துக்குள் வெந்து திரும்பிப் போகும். ஒரு வீட்டார் விரலால் மூன்று குழி வைத்திருப்பார்கள், இன்னொரு வீட்டார் முள்கரண்டியால் குத்தியிருப்பார்கள். அடையாளமே இல்லாவிட்டாலும் அவனுக்குப் பிடிபடும். மாவு விறைப்பாக இருந்தால் பிசைந்தவள் கோபத்தில் பிசைந்திருக்கிறாள். ரொட்டி ஒன்று கூடினால் விருந்தாளி. மூன்று கூடினால் கட்டிக்கொடுத்த மகள் பிள்ளைகளோடு திரும்பி வந்திருக்கிறாள். இப்படி யாரிடமும் எதுவும் கேட்காமலே சந்து முழுவதையும் அவன் வாசித்துவிடுவான். வாசித்ததை நம்பாமல் பிறகு எல்லோரிடமும் கேட்கவும் செய்வான்.

அந்தக் கேட்கும் பழக்கம்தான் அவனை நாற்பத்தேழு வயதிலும் ஒற்றை ஆளாக வைத்திருந்தது. இருபத்தெட்டில் ஒரு பெண்ணை நிச்சயம் செய்தார்கள். பெண்ணின் அண்ணன் தாஞ்சியரில் என்ன வேலை பார்க்கிறான் என்று இவன் பஸ் ஏறிப்போய் விசாரித்தான். அண்ணன் சொன்ன வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சம்பந்தம் போயிற்று. பிறகு கடல் தாண்டி ஸ்பெயினுக்குப் போய் அல்மேரியா பக்கம் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே நான்கு வருடம் தக்காளி பறித்தான். கூன் விழுந்த முதுகும் நல்ல ஸ்பானிய மொழியும் கொண்டு திரும்பினான். மாமா கண்ணை மூடியதும் அடுப்பு அவன் கைக்கு வந்தது.

நோன்பு மாதத்தில் அவனுடைய அக்கா ர்ஹீமு, அவனுக்காக ஃபத்தூமாவிடம் கல்யாணம் பேசினாள். ஃபத்தூமா மேட்டு வீட்டு விதவை, பிள்ளை இல்லாதவள். மாடி அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறாள். "பெருநாள் கழியட்டும், சொல்றேன்" என்றாளாம். பெருநாள் கழிந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. தினமும் அவள் பலகையில் இரண்டே ரொட்டி வந்தது. இரண்டு என்பது சம்மதமா, மறுப்பா என்று அஹ்மிது அதை உற்று உற்றுப் பார்த்தான்.

புதன்கிழமை அவள் பலகையில் பதின்மூன்று ரொட்டி வந்தது.

அவன் எண்ணினான். பலகையைத் திருப்பி வைத்து மறுபடி எண்ணினான். பின்னாலேயே ஒரு தட்டு நிறைய பாதாம் பணியாரமும் வந்தது. எடுத்து வந்தவள் அடுத்த வீட்டு ஸூதியா.

"என்ன விசேஷம் அங்கே?"

"விசேஷம் என்ன விசேஷம். ஸ்பெயின்ல கிரனாடாவிலேர்ந்து காலேஜ் பிள்ளைங்க வருதுங்க. அஞ்சு நாள் சுத்தறாங்களாம். கொர்தோபா, அப்புறம் கப்பல், தாஞ்சியர், தெத்துவான், இங்கே ரெண்டு ராத்திரி. எட்டு பேர்."

"எட்டு பேருக்குப் பதிமூணு ரொட்டியா?"

"வயசுப் பிள்ளைங்க தின்னாதா. கூட ஒரு பெரிய மனுஷரும் வர்றாராம், வாத்தியாரு." ஸூதியா தட்டை வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். "அவருக்கும் பெண்டாட்டி இல்லையாம், பாவம். உனக்குத் துணைக்கு ஆள் கிடைச்சாச்சு."

"உங்களுக்கு யார் சொன்னது, பெண்டாட்டி இல்லைன்னு?"

"வேலையைப் பாருய்யா. ரொட்டி காத்துக் கிடக்குது."

அவன் வேலையைப் பார்த்தான். நீளக் கட்டையால் ரொட்டிகளை உள்ளே தள்ளினான். படிக்க வருகிற பிள்ளைகளுக்கு எதற்குப் பாதாம் பணியாரம்? பெருநாளுக்கே அவள் அதைச் செய்யவில்லை. வாத்தியாருக்குப் பெண்டாட்டி இல்லை என்ற செய்தி, ஆள் ஊருக்குள் கால் வைப்பதற்கு முன்பே அடுப்பு வரைக்கும் எப்படி வந்தது? நெருப்பைப் பார்த்தபடி இதையே புரட்டிப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தான். அப்போது மேட்டு வீட்டுப் பக்கமிருந்து குலவைச் சத்தம் கேட்டது.

ஒரு குரல்தான், ஸூதியாவுடையது. பிறகு எதிர்ச் சன்னலிலிருந்து இன்னொன்று. பிறகு சந்து முழுக்கக் குலவை.

இரண்டு ரொட்டி கருகியதை அவன் வாசனையில்தான் அறிந்தான். கட்டையால் இழுத்து வெளியே போட்டுக்கொண்டிருக்கும்போது ஃபத்தூமாவே வாசலில் வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது, ஓடி வந்திருக்கிறாள்.

"அஹ்மிது, உனக்கு அவங்க பேச்சு தெரியும்ல. மேலே வா."

"என்ன நடந்தது, லல்லா?" என்று மரியாதையாகக் கேட்டான்.

"அந்த மனுஷர் தாம்பாளத்தோட வந்து நிக்கிறார். நாலு கூம்புச் சீனி, பால், பேரீச்சம்பழம், மருதாணி, மெழுகுவத்தி. பின்னாடி எட்டுப் பிள்ளைங்க வரிசையா. அந்த ஸூதியா பார்த்துட்டுக் குலவை போட்டுட்டா. எதுக்கு வந்தீங்கன்னு கேளு. எனக்கு அவங்க பாஷையிலே தண்ணி, ரொட்டி, கக்கூஸ், அவ்வளவுதான் தெரியும்."

எங்கள் ஊரில் அந்தத் தாம்பாளம் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் ஒரு வீட்டுப் படியேறும். பெண் கேட்க. அஹ்மிது கையைத் துடைத்துக்கொண்டான். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தான்.

மாடியில் பிள்ளைகள் சுவரோரத் திண்டுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் குட்டை மேசைமேல் தாம்பாளம், நீலத்தாள் சுற்றிய சீனிக் கூம்புகள் நான்கும் நிமிர்ந்து நிற்க. யாரும் அதைத் தொடவில்லை. பக்கத்தில் நின்ற வாத்தியாருக்கு ஐம்பது வயது இருக்கும். பெயர் ஃபெர்மின் என்று சொல்லிக் கை கொடுத்தார். நல்ல பல்வரிசை. அஹ்மிது அவர் இடது கையைப் பார்த்தான். மோதிரம் இல்லை, மோதிரம் இருந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது.

"இதை எதுக்குக் கொண்டாந்தீங்க?" என்று ஸ்பானிய மொழியில் கேட்டான்.

வாத்தியார் ஒரு பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். மூலையில் நோட்டுப் புத்தகத்தோடு இருந்த ஒல்லிப் பெண். நீவெஸ் என்று பெயர். காது வரைக்கும் சிவந்துவிட்டாள்.

"நான்தான் வாங்கினேன். வெறுங்கையோட ஒரு வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு சொன்னாங்க. நேத்து தெத்துவான்ல ஒரு குடும்பம் இப்படித்தான் ஊர்வலமா எடுத்துட்டுப் போச்சு. ரொம்ப அழகா இருந்தது. சீனிக் கடைக்காரர்கிட்ட அதே மாதிரி வேணும்னு கேட்டேன். அவர் வாழ்த்துக்கள்னு சொல்லிக் கட்டிக் கொடுத்தார்."

"இவர் கையிலே ஏன் கொடுத்தீங்க?"

"அவர்தானே எங்கள்ல மூத்தவர்."

அஹ்மிது ஃபத்தூமாவிடம் அதை அப்படியே சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். வாத்தியாரிடம் அந்தத் தாம்பாளம் எதற்கானது என்று விளக்கினான். பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். நீவெஸ் நோட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. ஃபத்தூமாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "என் மனைவி இறந்து ஆறு வருஷம் ஆச்சு. இந்த வீட்டு வாசல்ல இவங்க நின்ன விதத்தைப் பார்த்ததும் என்னவோ சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. கொண்டு வந்தது வந்ததாவே இருக்கட்டுமான்னு கேட்டுப் பாருங்க."

விளையாட்டா, நிஜமா? அஹ்மிது அவர் கண்ணில் தேடினான், வாயோரத்தில் தேடினான். ரொட்டியாக இருந்தால் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்த்திருப்பான்.

"என்ன சொல்றார்?" என்றாள் ஃபத்தூமா.

"சூப் வாசனை நல்லா இருக்காம்."

"அதுக்கா இவ்வளவு நீளம்?"

"அவங்க பேச்சே நீளம், லல்லா."

மூலையில் நீவெஸ் நோட்டுப் புத்தகத்தைக் கீழே இறக்கினாள். அவள் கிரனாடாவில் அரபு படிக்கிறவள் என்பது அஹ்மிதுவுக்குத் தெரியாது. சந்துப் பேச்சு அவளுக்குப் பாதிதான் விளங்கும், ஆனால் சூப் என்ற சொல் விளங்கும். எழுந்து நின்று, செய்தி வாசிப்பவர்களின் அரபியில் மெல்லச் சொன்னாள்: "மன்னிக்க வேண்டும், அம்மையீர். எங்கள் ஆசிரியர் உணவு குறித்து எதுவும் உரைக்கவில்லை."

ஃபத்தூமா அஹ்மிது பக்கம் திரும்பினாள்.

"உண்மையைச் சொல்லு."

சொன்னான். ஒரு சொல் விடாமல் சொன்னான், வாசல், ஆறு வருஷம், எல்லாவற்றையும். சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சொற்கள் தன் வாயிலிருந்து வருவதே அவனுக்குப் பிடிக்கவில்லை, அதிலும் அவை நல்ல சொற்களாக இருந்ததுதான் ரொம்பவும் பிடிக்கவில்லை.

ஃபத்தூமா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். "பெரிய வார்த்தை, அவருக்கு என் மரியாதையைச் சொல்லு. ஆனா என் வார்த்தையை வேற ஒருத்தருக்குன்னு எடுத்து வச்சாச்சுன்னும் சொல்லு."

"யாருக்கு?" என்றான் அஹ்மிது.

"அவர் கேக்குறாரா, நீ கேக்குறியா?"

"நான்தான்."

"முதல்ல அவருக்குச் சொல்லு."

சொன்னான். வாத்தியார் மார்பில் கை வைத்துத் தலை குனிந்தார். பிறகு முதல்முறையாகச் சிரித்து, பிள்ளைகளிடம் பசிக்கிறதா என்று கேட்டார்.

அஹ்மிது படியிறங்கினான். கதவு வரைக்கும் அவளும் வந்தாள், ரொட்டியை அனுப்பச் சொல்ல. அவனால் அடக்க முடியவில்லை.

"லல்லா, அந்த வேற ஒருத்தர்ங்கிறது நிஜமாவே இருக்கிற ஆளா? இல்லை, வந்தவரைத் தட்டிக்கழிக்கச் சொன்னதா?"

"நீ சொன்ன சூப்பு நிஜமா இருந்ததா?"

அவன் சந்துப் பக்கம் திரும்பினான்.

"மூணு வாரமா என் ரொட்டியை எண்ணிக்கிட்டு இருக்கே. சந்துக்கே தெரியும். வாயைத் திறந்து என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? ஊரையெல்லாம் கேக்குறே." கதவை அரைவாசி சாத்தினாள். "வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் உங்க அக்காவை அனுப்பு. நீ வராதே. வந்தா ஏதாவது கேப்பே."

அடுப்புக்குத் திரும்பி, கருகிய இரண்டையும் தனக்கு எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சம் பதினொன்றோடு தன் பங்கு ரொட்டி இரண்டைச் சேர்த்து அனுப்பினான். இரண்டு ராத்திரி என்றால் அவர்கள் கிளம்புவது வெள்ளிக்கிழமை காலை. தொழுகை மதியம். ஏன் நாளைக்கே வரச் சொல்லவில்லை? அவர்கள் போகட்டும் என்று காத்திருக்கிறாளா? போவார்களா, மாட்டார்களா என்று பார்க்கிறாளா?

வியாழன் முழுவதும் அவன் மேட்டு வீட்டு வாசல்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. வெள்ளி காலையில் அடுப்பை ஸூதியாவின் பொறுப்பில் விட்டுவிட்டு வண்டி நிற்கும் இடத்துக்குப் போனான். எட்டுப் பிள்ளைகளும் ஏறினார்கள். நீவெஸ் அவனைப் பார்த்துத் தயங்கித் தலையசைத்தாள். கடைசியாக வாத்தியார் ஏறினார். வண்டி கிளம்பி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, மலைத் திருப்பத்தில் மறைகிறவரை அஹ்மிது அங்கேயே நின்றான். பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அக்கா வீட்டை நோக்கி நடந்தான்.