பெஞ்சில் கட்டிய அட்டை

நாற்றுப் பண்ணைக்கு வருமுன் ஓசூரில் முலாம் பூசும் பிளேட்டிங் கம்பெனி ஒன்றில் இருந்தேன். நைட்ரிக் ஆசிட் தொட்டியில் பித்தளைச் சாமானை முக்கினால் செம்பழுப்பாகப் புகை கிளம்பும். "புகையப் பாத்தா மொதல்ல ஓடு, அப்புறம் யோசி" என்பார் போர்மேன். ஓடி ஓடி அலுத்துப்போய், இரண்டாயிரத்துக்குப் பின் உத்தனப்பள்ளிப் பக்கம் தக்காளி நாற்றுப் பண்ணையில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன்.

ஒரு கோடையில் பெங்களூரிலிருந்து ஆராய்ச்சி மேடம் ஒருவர் வந்தார். கையில் கறுப்புத்தாள் சுற்றிய புட்டி.

"இதுல வெளிச்சம் பட்டா நைட்ரிக் ஆக்சைடு வரும். கொஞ்சமா குடுத்தா நாத்து உப்புத் தண்ணிய தாங்கும்" என்றார்.

நான் இரண்டடி பின்னால் போனேன். "மேடம், அந்த நைட்ரிக் குடும்பத்துப் புகைக்குப் பயந்துதானே நான் வேலையவே விட்டேன்!"

"அது காத்துல கலந்து பழுப்பாயிட்ட புகை. இத செடியே தனக்குள்ள துளித்துளியா உண்டாக்கும். உப்போ வறட்சியோ வந்தா இதுதான் அதுக்கு கம்பெனி சங்கு. சங்கு ஊதினதும் இலைத் துளைய மூடும், உப்ப ஒதுக்கும்."

"அப்ப ஜாஸ்தியா குடுத்தா இன்னும் நல்லா தாங்குமா?"

"நாள் பூரா சங்கு ஊதினா உங்க கம்பெனியில யாராச்சும் வேலை பாப்பாங்களா? செடி செத்துரும்."

புரிந்த மாதிரி தலையாட்டினேன். புரியவில்லை.

இந்தச் சோதனை சூளகிரிப் பக்கத்துக் கௌரம்மாவின் நிலத்துக்காக. அவருடைய போர்வெல் தண்ணீர் உப்பாகி, முந்தைய தக்காளி கருகிப் போயிருந்தது. "இந்த வாட்டியும் கருகிச்சுன்னா நெலத்த செங்கல் சூளைக்கு வுட்டுட்டு, போச்சம்பள்ளி கம்பெனி பஸ்ஸு ஏற வேண்டியதுதான்ணா" என்றார்.

நாற்று டிரேக்களை அடுக்கும் பெஞ்சுகளில் மூன்றை ஒதுக்கினோம். ஒன்றில் வெறும் தண்ணீர் தெளித்த டிரேக்கள், அடுத்ததில் குறைந்த அளவு மருந்து, கடைசியில் அதிக அளவு. மேடம் பெஞ்ச் காலில் அட்டை கட்டிவிட்டுப் போனார்.

எங்கள் பண்ணையில் ஒரு வழக்கம். ஓரத்து டிரே சீக்கிரம் காயும், நடுவில் இருப்பது ஒல்லியாக ஓங்கிவிடும். அதனால் தினம் காலையில் டிரேக்களைப் பெஞ்ச் விட்டுப் பெஞ்ச் இடம் மாற்றி வைப்போம். தண்ணீர் விடும் ராதாக்கா தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார். திரும்பி வந்த மேடம், மூன்று பெஞ்சிலும் டிரேக்கள் கலந்து கிடப்பதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"நான்தான் அட்டை கட்டியிருந்தேனேம்மா!"

"அது பெஞ்சுக்கு கட்டினதாச்சே மேடம்" என்றார் ராதாக்கா. "டிரே தெனம் ஊர் சுத்தும். பெஞ்சு எங்க போவும்?"

இலையை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தோம். நான் ஒன்றைப் பச்சை என்றேன், ராதாக்கா அதையே வெளிறல் என்றார். மேடம் இரண்டு பேரையும் நம்பவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்றார்.

"எனக்கோசரம் நடவு பட்டம் நிக்குமா மேடம்? அல்லாத்தையும் வண்டியில ஏத்துங்க. பொழைக்கறது பொழைக்கட்டும்" என்றார் நாற்று எடுக்க வந்திருந்த கௌரம்மா.

நட்டார். அதே உப்புத் தண்ணீர்தான் பாய்ந்தது. சில வாரம் கழித்து மேடமும் நானும் போய்ப் பார்த்தோம். ஒரு வரிசை கருகிக் கிடக்க, பக்கத்து வரிசை பூவும் பிஞ்சுமாக நின்றது. மேடம் வரப்பில் குந்திக்கொண்டு, "இது ஏன் நிக்குது? மருந்தா, மண்ணா?" என்று என்னைக் கேட்டார். நான் யாரைக் கேட்பது? சூளைக்கு விடாமல் நிலத்தை வைத்துக்கொள்ளும் அளவுக்கு அந்த வருடம் காய்த்தது. அது மட்டும் நிச்சயம்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அட்டையை டிரேயில் குத்துங்கள், பெஞ்சில் கட்டாதீர்கள்.

இதையே அடுத்த கோடையில் நாற்று கேட்டு வந்த கௌரம்மாவிடமும் சொன்னேன். "எந்த டிரே காப்பாத்துச்சுன்னு எனக்கே தெரியலம்மா. இந்த தடவ சரியா அட்டை குத்திப் பாத்துரலாம்."

அவர் அவசரமாகக் கையை ஆட்டினார்.

"அட்டையெல்லாம் வேணாண்ணா. போன வாட்டி கலக்கினீங்க இல்ல, அதே மாதிரி ராதாக்காவ வுட்டு கலக்கிக் குடுங்க."