அடையாள அட்டையை நீட்டாத பெண் தேவை

மன்னார் டவுனில் புதிதாகத் திறந்த ஒரு தனியார் வைத்தியசாலைக்கு வாசலில் நிற்க ஒரு பெண் வேண்டுமாம். நிற்பதுதானே என்று நினைத்தேன். அந்த வேலையில் எனக்கு அனுபவம் அதிகம். தமிழ்நாட்டு அகதி முகாமில் அரிசிக்கு நின்றேன், தண்ணீருக்கு நின்றேன், பொலிஸ் வந்து ஆட்களை எண்ணும்போதெல்லாம் வெயிலில் நின்றேன். சொந்த ஊரான தாழ்வுபாட்டுக்குத் திரும்பி வந்த பிறகு கூரைத் தகரத்துக்கும் நின்றேன்.

ஆனால் சும்மா நின்றுவிட முடியாது என்றார்கள் வைத்தியசாலைக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் காவல் கம்பனிக் கந்தோரில். சட்டப்படி பதிய வேண்டும். அதற்குப் பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகரின் நற்சான்று, பொலிஸ் அறிக்கை, டொக்டரின் கடிதம் எல்லாம் வேண்டும். இந்த நாட்டில் ஒரு கதவைத் திறந்து மூடுவதற்கு எவ்வளவு நல்லவளாக இருக்க வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது. சரிவராவிட்டால் எனக்கு வேறு வழி இல்லை. மகளை அக்காவிடம் விட்டுவிட்டு, வெளிநாட்டில் யாரோ ஒருவரின் வீடு கழுவப் போக வேண்டும். முகவர் ஏற்கெனவே படம் எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

கிராம சேவகர் மரியாதையான மனிதர். உட்காரக் கதிரை தந்து, என் நடத்தையைப் பற்றித் தனக்குத் தெரிந்தால்தானே எழுதலாம் என்றார்.

"நீங்கள் இவ்வளவு காலமும் இங்க இல்லையே, பிள்ளை."

"அங்க எங்களைப் பொலிஸ் வந்து வந்து எண்ணினது ஐயா. இங்க ஆருடைய நடத்தையை அப்பிடிப் பாத்தவங்கள்?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தேவாலயச் சுவாமியாரிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார். சுவாமியாரும் ஊருக்குப் புதியவர். நான் ஞாயிறு பூசைக்குத் தவறாமல் வருகிறேன் என்று எழுதித் தந்தார். அதை வைத்துக் கிராம சேவகர் நான் நல்லவள் என்றார். பொலிஸில் என் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, என்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, ஆகவே குற்றமும் இல்லை என்று முத்திரை குத்தினார்கள். ஊரில் இல்லாமல் இருந்ததுதான் நான் ஊருக்குச் செய்த பெரிய நன்மை போலும்.

கடைசியாகப் பயிற்சி. ஆமியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் சொல்லித் தந்தார். அவரே சீருடையோடு மோட்டார்சைக்கிளில் வந்து வாசலில் நிற்பாராம். நாங்கள் மறித்து, ஐசி என்கிற அடையாள அட்டையைக் கேட்க வேண்டுமாம். வந்தார், நின்றார். சீருடையைக் கண்டதும் நான் உடனே என் கைப்பையைத் திறந்து, என் அட்டையை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

பின்னால் நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்ததாக வந்த அரிப்பு ஊர்க்காரியும் சிரித்துக்கொண்டே போய்த் தன் அட்டையை நீட்டினாள். மூன்றாமவள் ஒருபடி மேலே போய், பையைத் திறந்து சோற்றுப் பார்சலையும் காட்டினாள்.

"நீ கேக்க ஓனும். குடுக்க வேணாம்," என்றார் பயிற்சிக்காரர். பாவம், அவருடைய தமிழ் குறைவு. எங்கள் பழக்கத்தைப் பற்றிய அறிவு அதைவிடக் குறைவு. நாளைக்கும் இப்படி என்றால் கம்பனிக்கு நாங்கள் தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிரவு யோசித்துப் பார்த்தேன். கை சொல்வழி கேட்காது. ஆகவே மறுநாள் அட்டையை வீட்டு அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் போனேன். மோட்டார்சைக்கிள் வந்தது. கை பைக்குள் போனது, தடவியது, வெறுங்கையாக வெளியே வந்தது. வேறு வழியில்லாமல் வாயைத் திறந்து, "ஐசியைக் காட்டுங்கோ," என்றேன். தேறிவிட்டேன். அங்கேயே சீருடை தந்தார்கள்.

மகளுக்குக் காட்ட வேண்டும் என்று உடுப்பை மாற்றாமலே சைக்கிளில் வெளிக்கிட்டேன். தாழ்வுபாட்டு வீதியில் ஆமிப் பொயின்ற், காலையில் ஆளில்லாமல் கிடந்த சோதனைச் சாவடி. வழக்கம்போல இறங்கி உருட்டினேன். சிப்பாய் அட்டை கேட்டான். இல்லை. அரசாங்கம் நல்லவள் என்று ஒப்புக்கொண்ட, வாசல் காக்கத் தகுதி பெற்ற, புதுச் சீருடை போட்ட நான் வீதியோரம் மண்மூட்டைக்குப் பக்கத்தில் நின்றேன். சொன்னேனே, அந்த வேலையில் அனுபவம் அதிகம்.

அட்டையை எடுத்து வரச் சொல்லி, அந்த வழியால் போன மீன் வியாபாரியிடம் வீட்டுக்குச் செய்தி அனுப்பினேன். பொழுது சாயும் நேரம் மகள் சைக்கிளில் வந்தாள். தூரத்திலேயே இறங்கிவிட்டாள். தலையைக் குனிந்து ஒரு கையால் உருட்டிக்கொண்டு, மற்றக் கையால் என் அட்டையை முன்னால் நீட்டியபடி வந்தாள். அவளுக்கு இன்னும் அட்டை எடுக்கும் வயதே வரவில்லை. யாரும் இப்படி வரச் சொல்லிக் கொடுத்ததும் இல்லை.

"கையை இறக்கு பிள்ளை," என்றேன். "அவன் உன்னட்ட இன்னும் கேக்கேல்லை."