அரைசதத்துக்குக் கால் குறைவு

தெருவோரம் யாரோ நிறுத்திவிட்டுப் போன காரின் முன்மூடியில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். கார்க்காரர் வந்து முறைத்தால், "எவ்வளவு சூடு, எல்லாம் வீணாப் போகுது பாருங்க" என்று அவரிடமே துக்கம் விசாரிப்பார்.

ஆராய்ச்சிக்கூடத்தில் இவருக்கு 'அரைசதம்' என்று பெயர். எரிபொருள் தரும் வெப்பத்தில் சரிபாதியை வேலையாக மாற்றும் என்ஜினைச் செய்து காட்டுவதாகச் சொல்லிப் பதினோரு வருடமாகிறது. என்ஜினோ நாற்பத்தொன்பதேமுக்கால் சதவிகிதத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

வீட்டிலும் ஆராய்ச்சிதான். அடுப்பில் இருக்கும் பாத்திரத்தைத் திறந்தால் ஆவி போகிறதென்று பதறுவார். "உப்பு பார்க்கக்கூட விட மாட்டேங்கிறார். அதான் இந்த ருசி" என்பார் மனைவி, பரிமாறிக்கொண்டே. கூடத்தில் அவரோடு வேலை பார்த்து, அவர் வீட்டில் சாப்பிட்டவன் என்ற முறையில் நானும் சாட்சி.

இந்த மாதத்துக்குள் ஐம்பதைத் தொடாவிட்டால் சோதனை அறை, பேட்டரி ஆராய்ச்சி செய்யும் பிரிவுக்குப் போய்விடும் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். கடைசி நாள் காலையில் திரையில் 50.2 வந்தது. கூடமே திரண்டு கைதட்டியது. பதினோரு வருடம் எட்டிப் பார்க்காத இயக்குநர், தாமே பெற்றெடுத்த மாதிரி என்ஜின் மேல் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.

எல்லோரும் போய் நாங்கள் மூன்று பேர் மட்டும் மிஞ்சிய பிறகு அரைசதம் தராசைச் சுற்றிச் சுற்றி வந்தார். அதன்மேல் எரிபொருள் டப்பா இருக்கும். எடை குறைவதை வைத்து என்ஜின் எவ்வளவு குடித்தது என்று கணக்கிடுவார்கள். மேலே போகும் ரப்பர் குழாய் ஒன்று என்ஜின் சூட்டில் இளகி, கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்து டப்பாவை அழுத்தியிருந்தது. அதனால் எடை குறைந்தது மறைந்து, குடித்தது குறைவாகத் தெரிந்திருக்கிறது. வீணாய்ப் போகிற சூடு முதன்முறையாக அவருக்கு ஓர் உபகாரம் செய்திருந்தது.

"யாருக்கு சார் தெரியப் போகுது? பேசாம வீட்டுக்குப் போங்க" என்றார், ஆரம்பம் முதல் கூடவே இருக்கும் மெக்கானிக்.

"என்ஜினுக்குத் தெரியுமேப்பா."

எனக்குக் கோபம்தான் வந்தது. மனுஷன் ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன? குழாயைக் கம்பியால் தூக்கிக் கட்டி மறுபடி ஓட்டினார்கள். அதே நாற்பத்தொன்பதேமுக்கால். அரைசதம் இயக்குநருக்குப் போன் செய்து ஒரே வரியில் சொல்லிவிட்டு வைத்தார்.

ஒரு மணி நேரத்தில் பேட்டரிக்காரர் ஒருவர் அளவு எடுக்க வந்துவிட்டார். தனி ஆளாக டேப்பை நீட்டியபோது நுனி நழுவி நழுவி விழுந்தது. அரைசதம் குனிந்து அதை எடுத்துச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மற்றக் கை, ஆறிக்கொண்டிருந்த என்ஜின் மேல் இருந்தது.