ஒரு காதில் மட்டும்

மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவள் என்னோடு இருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை அப்பாவோடு என்று தருமபுரிக் கோர்ட்டில் உத்தரவு. ஆறு வருடம் என்னை அடித்துத் துவைத்தவனுக்கு வாரம் ஏழு மணி நேரம்! பல்லைக் கடித்துக்கொண்டுதான் அனுப்பினேன்.

ஒரு ஞாயிறு, நாத்தனாரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மகள் பட்டுப்பாவாடையும் மாலையுமாக நின்றாள். காதுகுத்து. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அந்தத் தாய்மாமன், என் தம்பி, தை மாதத்தில் குத்தலாம் என்று தோடு வாங்கிப் பீரோவில் வைத்திருந்தான். படத்தைக் காட்டினேன். பைக் சாவியை எடுத்தான்.

எங்கள் அதியமான்கோட்டையிலிருந்து கணவனின் ஊரான ஏரியூர் போய்ச் சேருவதற்குள் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. கோயில் வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். கணவனுடைய சித்தப்பா மகன் மடியில் என் மகள். வலது காதை ஆசாரி குத்தி முடித்திருந்தார்.

“எவன் மடியிலடா எம்புள்ளய உக்கார வச்சிருக்க?”

“எங்க வூட்டுப் புள்ளைக்கு எங்க வூட்டு மடி போதும், போடி” என்றான் கணவன்.

தம்பி அவன் சட்டையைப் பிடித்தான். நாலு பேர் தம்பியைக் கீழே தள்ளி மிதித்தார்கள். கணவன் என் தலைமுடியைச் சுருட்டிப் பிடித்தான், பழைய பழக்கம். தேங்காய் பழம் வைத்த பித்தளைத் தட்டு என் கைக்கு அகப்பட்டது. நெற்றியில் ஓங்கி அடித்தேன். அவன் விழுந்த பிறகும் அடித்தேன். ரத்தம் மகளின் பாவாடையில் தெறித்தது.

“அடிக்காதம்மா!” என்று அவள் வீறிட்டாள்.

“உனக்காவத்தான்டி அடிக்கறேன்!”

பொய். என் கை ஆறு வருடமாக அரித்துக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் எனக்கு இனித்தது.

யாரோ செல்போனில் எடுத்துவிட்டார்கள். அவன் என் முடியைப் பிடித்தது அதில் இல்லை, தட்டு மட்டும் இருந்தது. இந்த ரௌடியிடமா குழந்தை வளர்வது, என்னிடமே கொடுங்கள் என்று அவன் மனுப் போட்டான். “புள்ள கைய விட்டுப் போயிரும், அங்க வாயத் தொறக்காதீங்கம்மா” என்றார் என் வக்கீல். விசாரணை நாள் வந்தது. ஜட்ஜ் அம்மா மகளைத் தனியாக அறைக்குள் அழைத்துப் பேசினார். அவன் என் முடியைப் பிடித்ததை அவள் சொல்லியிருக்க வேண்டும். பிறகு, குழந்தை என்னிடமே இருக்கட்டும், அப்பா இனிமேல் கோர்ட் வளாகத்தில்தான் பார்க்க வேண்டும் என்றார். ஜெயித்துவிட்டேன். வாசலில் நின்று ஓவென்று அழுதேன்.

தை பிறந்ததும் இன்னொரு காதையும் குத்திவிடலாம் என்று வேறொரு ஆசாரியை வீட்டுக்கு வரச் சொன்னோம். தம்பி பாயில் சம்மணமிட்டு, “வா தங்கம், மாமா மடியில உக்காரு” என்றான். மகள் கதவோரம் நின்றாள். இடது காதை உள்ளங்கையால் பொத்தியிருந்தாள்.

“வேணாம்மா. மடியில உக்காந்தா சண்ட வரும்.”

வாடி என்று கூப்பிடக் கையைத் தூக்கினேன். அவள் கண்ணை இறுக மூடி, தலை குனிந்துகொண்டு, அடி விழட்டும் என்று அசையாமல் நின்றாள்.

அவள் அப்பா கையைத் தூக்கும்போது நான் நின்றதும் அப்படித்தான்.