முத்திரை குத்திய கட்டம்

ஜெபக்குழுவில் எழுந்து பேச எனக்குக் கூச்சம். அதனால் எழுதித் தருகிறேன்.

போன தவக்காலத்தில் கொத்தனாரான என் கணவருக்கு இடது பாதத்தில் சர்க்கரைப் புண் புரையோடியது. உப்பளம் பகுதியில் எங்கள் வீட்டருகே சிறிய மருத்துவமனை ஒன்று உண்டு. நான்கு வருடமாக அவரைப் பார்க்கும் டாக்டரம்மா, "ரெண்டு வெரல எடுத்தா பாதத்த காப்பாத்திடலாம். தள்ளிப் போடாதீங்க" என்றார். அந்த மருத்துவமனையும் அரசுக் காப்பீட்டுப் பட்டியலில் இருந்தது.

ஒப்புதல் வாங்கக் காப்பீட்டு அலுவலகம் போனேன். கவுண்டரில் இருந்தவர் ஏழைகளுக்குத் தரும் எங்கள் சிவப்பு ரேஷன் கார்டைப் பார்த்தார். படிவத்தில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஊருக்கு வெளியே ஒரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒவ்வொரு நாளும் வேறு டாக்டர். டாக்டரம்மாவின் பழைய சீட்டை யாரும் பிரிக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்கள்.

திரும்பவும் கவுண்டருக்குப் போய் டாக்டரம்மாவின் மருத்துவமனைக்கே மாற்றித் தரக் கேட்டேன்.

"செவப்பு கார்டுதானே? இஷ்டத்துக்குப் பொறுக்க இது இன்னா மார்க்கெட்டா?"

வெளியே வந்து அழுதேன். எதிர்த்துக் கேட்காத என் மேலேயே எரிச்சல். அந்த வாரம் முழுக்க மாதா முன் உட்கார்ந்து, "எனக்குப் பேச வராது தாயே, யாரையாவது அனுப்பு" என்றே கேட்டேன்.

மூன்றாம் முறை, காலை எடுப்பதற்கான ஒப்புதல் படிவத்தோடு வரிசையில் நின்றேன். தேங்காய்த்திட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர் தன் படிவத்தை நீட்டினார். "எனுக்குப் படிக்கத் தெரியாது. படிச்சி சொல்லும்மா."

அவருக்காகச் சத்தமாக வாசித்தேன். 'நோயாளி விரும்பும் மருத்துவமனை' என்று ஒரு கட்டம். அதில் அதே பெரிய மருத்துவமனையின் முத்திரை, முன்கூட்டியே. என் படிவத்திலும் அதுவே. முதல் முறை இதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அந்த அக்கா சிரித்தார். "விரும்புறது நாமளா, அவுங்களா? மீனு வாங்க வர்றவளே செவுள தூக்கிப் பாக்கறா. நீ புருஷன் காலுக்குப் பாக்கலியா?"

கவுண்டரில் படிவத்தைத் திருப்பி நீட்டிச் சொன்னேன். "சார், முத்திரை இல்லாத ஃபாரம் குடுங்க."

"யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"இதுலயே போட்டிருக்கு சார்."

"எனுக்கும் ஒண்ணு!" என்றார் அக்கா. பின்னால் இன்னும் சில குரல்கள். கவுண்டரில் இருந்தவர் கொடுத்தார். கட்டத்தில் டாக்டரம்மாவின் மருத்துவமனைப் பெயரை எழுதினேன்.

டாக்டரம்மாவே அறுவை சிகிச்சை செய்தார். இரண்டு விரல் போயிற்று, பாதம் இருக்கிறது. கணவர் ஞாயிறு பூசைக்கு மெல்ல நடந்தே வருகிறார். பேசத் தெரிந்தவரைக் கேட்டேன். மாதா, படிக்கத் தெரியாதவரை அனுப்பினார். மாதாவுக்குக் கோடி நன்றி.

ஆனால் ஆத்திரம் அடங்கவில்லை. அச்சடித்துக் கொடுத்த உரிமைக்கு ஏழைகள் மட்டும் ஏன் அழ வேண்டும்?

நீங்களும் மாதாவிடம் கேளுங்கள், கைவிடமாட்டார். கையெழுத்துக்கு முன் அந்தக் கட்டத்தையும் பாருங்கள். படிக்கத் தெரியாதென்றால் வியாழக்கிழமைகளில் காப்பீட்டு அலுவலகத்துக்கு வாருங்கள். வாசல் பெஞ்சில் நான் இருப்பேன்.