வண்டிக்கும் ஒரு மார்கழிக் குளியல்

சென்னையில் குளிரா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அவர்கள் யாரும் மார்கழி விடியலில் கொட்டிவாக்கத்திலிருந்து மயிலாப்பூர் வரைக்கும் பைக்கில் போனதில்லை. வாசலில் நிற்கும்வரை அது குளிரே இல்லை. வண்டி வேகம் எடுத்ததும் சட்டைப் பொத்தான் இடுக்கு வழியாக உள்ளே நுழையும். அடையாறு பாலத்தின்மேல் ஏறினால் ஆற்றுப் பனி முகத்தில் வந்து அப்பும். கிளட்ச் பிடிக்கும் விரல் நம் விரல்தானா என்று சந்தேகம் வந்துவிடும்.

அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். முதல் நாள் பேப்பரை நாலாக மடித்து நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவில் செருகிக்கொள்வேன். மேலே ஸ்வெட்டர். சாமி படம் போட்ட பக்கம் இருந்தால் மட்டும் எடுத்துத் தனியாக வைத்துவிடுவேன், வியர்வை படக் கூடாது. நெஞ்சுக்கு அது போதும். முதுகுக்கு வழி தேடவேண்டிய அவசியம் எனக்கு என்றைக்கும் வந்ததில்லை. பின்னால் என் வீட்டுக்காரி உட்கார்ந்திருப்பாள்.

போன மார்கழியில்தான் முதல்முறையாக என் முதுகு குளிர்ந்தது.

நான் பெயிண்ட் அடிக்கிறவன். அவள் பஸ் ஸ்டாப் பக்கத்தில் பூ கட்டி விற்கிறவள். கல்யாணமான வருஷத்திலிருந்து எங்களுக்கு ஒரு பழக்கம். மார்கழி முழுக்க, விற்பனைக்குக் கட்டும் பூவில் கை வைப்பதற்கு முன்னால், குளித்துவிட்டு அம்பாளுக்கு ஒரு மாலை கட்டுவாள். காலையில் முதல் தீபாராதனைக்குள் அது மயிலாப்பூர் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ஒரு நாளும் விட்டதில்லை.

ஆவணியில் ஒரு சாயங்காலம், தூறலில் வந்துகொண்டிருந்தபோது, அடையாறு பாலம் ஏறும் இடத்தில் ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. இரண்டு பேரும் விழுந்தோம். எனக்குச் சிராய்ப்பு. அவளுக்கு வலது மணிக்கட்டு போய்விட்டது. மாவுக்கட்டு பிரித்து, விரல் மடங்கி, மறுபடி நார் பிடிக்க ஐப்பசி முடிந்துவிட்டது. கை திரும்பி வந்தது. தைரியம் வரவில்லை. வண்டியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ்ஸுக்கு நடப்பாள். விடியலில் அந்த நேரத்துக்கு பஸ் இல்லை. தினமும் ஆட்டோ வைத்துக்கொண்டு போக நாம் என்ன ஜமீனா என்று அந்தப் பேச்சையும் முடித்துவிட்டாள்.

அதனால் மாலையை மட்டும் என்னிடம் கொடுத்தனுப்பினாள். வாழை இலையில் சுற்றி, பையில் போட்டு, வண்டி முனை திரும்பும்வரை வாசலில் நிற்பாள். சன்னிதியில் குருக்கள் தினமும் மாலையை வாங்கிக்கொண்டு, "கட்டினவா வரலையா?" என்று கேட்பார். நான் தலையை ஆட்டுவேன். அம்பாளிடம் அந்த மாதம் முழுக்க நான் வேறெதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. இவள் ஒரு தடவை என் பின்னால் ஏறி உட்கார்ந்து இங்கே வரட்டும், அவ்வளவுதான். அவளுடைய ஹெல்மெட்டை வண்டியிலிருந்து நான் கழற்றவே இல்லை.

போகி வந்தது. மார்கழியின் கடைசி நாள். எழுந்ததும் வீட்டை அவள் கழுவிவிட்டாள், நான் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். வாசலில் வண்டியைப் பார்த்தேன். வாசலில் நின்றதால் தெறித்த சேறும், பெயிண்ட் பொட்டும், மாதம் பூராவும் பட்ட பனியின் கறையுமாக நின்றது. நாம் எல்லாரும் குளித்தாகிவிட்டது, மாதம் முழுக்க அம்பாளுக்கு மாலை சுமந்தது அழுக்கோடு போவதா என்று தோன்றியது. இரண்டு குடம் தண்ணீரை எடுத்துத் தலையோடு காலாக ஊற்றினேன். துடைத்து, முன் விளக்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினேன். மனசுக்கு அப்படி ஒரு நிறைவு.

கிக்கரை உதைத்தேன். சத்தமே இல்லை.

சோக்கை இழுத்து உதைத்தேன். உதைத்து உதைத்து, அந்தக் குளிரிலும் வியர்த்து நெஞ்சிலிருந்த பேப்பர் நனைந்துவிட்டது. பிளக்கில் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அப்புறம்தான் உறைத்தது. பிளக்கைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்து மாட்டினேன். ஒரு தும்மல் தும்மிவிட்டு அடங்கிப்போனது. தெருவெல்லாம் பழைய பாயும் முறமும் எரிகிற புகை. பிள்ளைகள் போகி மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பால் பாக்கெட் போடுகிறவன் சைக்கிளில் போகிறபோக்கில் எங்களைப் பார்த்துவிட்டான்.

"மாமா, பழசெல்லாம் எரிக்கிற நாளு. அப்டியே அதயும் தள்ளினு வந்து போட்டுடு. நல்லா எரியும்."

"உன் வாயப் போட்டா இன்னும் நல்லா எரியும்டா," என்றாள் என் வீட்டுக்காரி.

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவள் மாலைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கி வந்தாள். முகத்தில் கோபம் இல்லை, பயம்தான். இத்தனை வருஷத்தில் விடாத மாலை கடைசி நாளில் விட்டுப்போகிறதே என்ற பயம். சந்தனப் பொட்டையும் வழிகிற தண்ணீரையும் பார்த்தாள்.

"பனியில குளிப்பாட்டினியா? அதுக்கு சளி புடிச்சிக்கீது," என்றாள். பிறகு செருப்பை உதறிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனாள். "ஏறி உக்காரு."

அந்தக் கையை வைத்துக்கொண்டு தள்ள வேண்டாம் என்றேன். கை தன்னுடையது, அதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். இரண்டாவது கியரில் போட்டுக் கிளட்சைப் பிடித்துக்கொண்டேன். அவள் தள்ளினாள். தெருவின் பாதியில் கிளட்சை விட்டேன், குலுங்கி நின்றது. மறுபடி தள்ளினாள். மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. கோலங்களைத் தாண்டி, நெருப்புகளைத் தாண்டி, மேளம் அடிக்கிற பிள்ளைகள் வழிவிட, முனை வரைக்கும் ஓடினாள். விட்டேன். டடடடவென்று பிடித்துக்கொண்டது.

நான் காலை ஊன்றி, ஆக்ஸிலேட்டரை முறுக்கியபடியே நின்றேன். கொஞ்சம் தளர்த்தினாலும் அணைந்துவிடும் போலிருந்தது. பையை ஹேண்டிலில் மாட்டச் சொன்னேன். அவள் மாட்டவில்லை. வெறுங்காலோடு நின்று வண்டியைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள், புகையைப் பார்த்தாள். அம்பாளே என்றுகூட நினைக்கவில்லை. இஞ்சின் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

பக்கவாட்டில் மாட்டியிருந்த ஹெல்மெட்டை எடுத்தாள். கொண்டையில் வைத்திருந்த டிசம்பர் பூ நசுங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் தலையில் கவிழ்த்தாள்.

"நடுவுல நின்னுட்டா யாரு தள்ளுவா?" என்றாள். "நீ முன்னால பாரு."

சீட் அழுந்தியது. என் முதுகு சூடானது.

திருவான்மியூர் வரைக்கும் நான் நத்தை மாதிரி ஓட்டினேன். அவள் என் ஸ்வெட்டரைக் கொத்தாகப் பிடித்திருந்தாள், தோல் வரைக்கும் பிடித்திருந்தாள், வலித்தது, வலிக்கட்டும் என்று இருந்தேன். புகையும் பனியும் சேர்ந்து விளக்கு வெளிச்சம் முன்னால் போக மறுத்தது. பாலம் ஏறும் இடம் வந்ததும் பின்னாலிருந்து முணுமுணுப்பு கேட்டது. அவள் அம்பாள் பேரைச் சொல்கிறாள். நானும் சொன்னேன். நாயும் இல்லை, ஒன்றும் இல்லை. பாலத்தின் மேலே காற்று வந்து எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாக அடித்தது. நடுப்பாலத்தில் ஸ்வெட்டரைப் பிடித்த பிடி மெல்லத் தளர்ந்தது. என் தோளில் ஒரு தட்டு விழுந்தது.

"இன்னாய்யா, மாட்டு வண்டியா ஓட்டினுகீற? தீபாராதனை போயிடப் போவுது."

முறுக்கினேன். அந்தப் பழைய வண்டி அப்படிப் போகும் என்று எனக்கே தெரியாது. கண்ணில் தண்ணீர் வந்தது. குளிர்காற்றில் யாருக்குத்தான் வராது.

சன்னிதியில் திரை இன்னும் விலகவில்லை. அவள் இரண்டு கையாலும் மாலையை நீட்டினாள். குருக்கள் வழக்கம்போல என்னைக் கேட்க வாயெடுத்தவர், என் கையிலிருந்த இரண்டு ஹெல்மெட்டையும் அவளையும் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"வந்துட்டேளா. இத்தனை நாளா உங்க கட்டு மட்டும்தான் வந்துண்டிருந்தது."

திரை விலகியது. மாலை அம்பாள் கழுத்தில் இருந்தது. கற்பூர வெளிச்சத்தில் என் வீட்டுக்காரி கன்னத்தில் போட்டுக்கொண்ட கை அந்த வலது கைதான். நான் அன்றைக்கு எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. வேண்டியது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

வெளியே வந்து, சுடச்சுட வெண்பொங்கலை இலையில் வாங்கி இரண்டு பேரும் வண்டியில் சாய்ந்துகொண்டே சாப்பிட்டோம். வெயில் வந்திருந்தது. வண்டி நன்றாகக் காய்ந்துவிட்டது, ஒரே உதையில் கிளம்பியது. இனிமேல் தள்ள ஆள் வேண்டாம். அதை அவளும் கவனித்தாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

எங்கள் தெரு முனையில் பால்காரன் காலிப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தான். கண்ணை அகல விரித்து, "அக்கா, வண்டில ஏறிட்டியா?" என்றான்.

"யாரு ஏறினது? தள்ளத்தான் போனேன்," என்றாள் அவள், இறங்காமலே.

நான் வீடு வரைக்கும் ஹாரனிலிருந்து விரலை எடுக்கவில்லை.