நேசன் சாப்பிட்ட மாண்ட்ரியல்

வியாழக்கிழமை மாலை நாலே முக்காலுக்கு மாண்ட்ரியலில் இறங்கினேன். திருச்சியில் வீட்டைப் பூட்டி முப்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. இந்த ஊர் ஒரு தீவு என்று எத்தனையோ முறை கேள்விப்பட்டிருந்தும், ஆறு இரண்டாகப் பிரிந்து ஊரைச் சுற்றிக்கொண்டு போவதை விமானத்துச் சன்னல் வழியே பார்த்தபோதுதான் நம்பினேன். சொன்னவன் நேசன். அவன் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுக் கேட்பது என் வழக்கம்.

நேசன் யாழ்ப்பாணத்துக்காரன். கனடா போவதற்கு முன்னால் நாலு வருடம் திருச்சியில் இருந்தான். உறையூரில் ஒரே அறையில் தங்கி, ஒரே அச்சகத்தில் வேலை பார்த்தோம். இங்கே வந்த பிறகு ஞாயிறு தவறாமல் போன் செய்வான். அரசியல் பேசமாட்டான், உடம்பைப் பற்றிப் பேசமாட்டான். அந்த வாரம் எங்கே என்ன சாப்பிட்டான் என்பதை மட்டும் விலாவாரியாகச் சொல்வான். போன வருடம் மாரடைப்பில் போய்விட்டான். அப்போது எனக்கு விசா கிடைக்கவில்லை. ஆண்டுத் திவசத்துக்காவது வாருங்கள் என்று அவன் மனைவி வதனி கூப்பிட்டாள். கிளம்பிவிட்டேன்.

விமான நிலையத்திலிருந்து சென்ட் லோரன்ட்டில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் பத்து கிலோமீட்டருக்குள்தான். வதனியே காரோட்டி வந்து அழைத்துப்போனாள். ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சமையல் வேலை பார்க்கிறாள். பிள்ளைகளோடு பேசிப் பேசிப் பிரெஞ்சு நன்றாக வருகிறது. அவர்களுக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. கூடத்தில் நேசனின் படம் மாலையோடு இருந்தது. படத்தில் கொஞ்சம் இளைத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் ஐயர் வந்து திவசத்தை முடித்துக்கொடுத்தார். அன்று முழுக்கச் சைவம். மறுநாள் மீன், இறைச்சி என்று போனவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்து மச்சப் படையல் போடுவது அவர்கள் குடும்பத்து வழக்கம். நண்டு, இறால், கணவாய் எல்லாம் வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்திருந்தாள். மாலையில் வந்தவர்கள் போனதும் எனக்குத் தேநீர் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணை, உங்களிட்ட ஒண்டு கேக்கவேணும். மறைக்காமச் சொல்லுங்கோ."

"சொல்லும்மா."

"இவர் ஒவ்வொரு நாளும் மத்தியானம் ஃபாக்டரிக்குப் பக்கத்தில பூட்டின் எண்டு கிழங்குப் பொரியல் விக்கிற ஒரு கடையிலதான் நிப்பாராம். செத்த வீட்டிலதான் ஆரோ சொல்லிச்சினம். நான் விடிய நாலரைக்கு எழும்பிச் சமைச்சுப் பெட்டி கட்டிக் குடுக்கிறனான். பெட்டியும் வெறுமையாத்தான் திரும்பி வரும். அப்ப அந்தச் சாப்பாட்டை எங்க கொட்டினவர்? என்ர சமையல் அவருக்கு அலுத்துப்போச்சோ?"

எனக்கு விடை தெரியும். நேசனே சொல்லியிருக்கிறான். வதனியிடம் மட்டும் மூச்சு விடக்கூடாது என்று வாக்கும் வாங்கியிருந்தான். செத்துப்போனவனுக்குக் கொடுத்த வாக்கை மீறுவதா, உயிரோடு இருப்பவளை ஒரு வருடமாகத் தின்னும் கேள்வியோடு விட்டுவிடுவதா என்று தெரியாமல் தேநீரை ஊதி ஊதிக் குடித்தேன்.

"அலுப்பெல்லாம் இல்லம்மா. ஊரு ஊரா ருசி தேடுற புத்தி அவனுக்கு. உனக்குத் தெரியாததா?"

அவளுக்கு அது போதவில்லை. "சரி, எங்கெங்க என்ன சாப்பிட்டவர் எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே? நாளைக்குப் போய் வாங்குவம். அதையும் அவருக்குப் படைப்பம்" என்றாள். சொன்ன தோரணையில் பக்தியைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது.

இப்படியாக, முன்பின் பார்த்திராத ஊரில், பத்தொன்பது வருடமாக அங்கேயே குடியிருக்கிற ஒருத்திக்கு நான் வழிகாட்டி ஆனேன்.

சனிக்கிழமை காலை ஏழு இருபதுக்குக் கிளம்பினோம். அக்டோபர் குளிர், நாலு டிகிரி. நேசனின் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். கை நீளம், வயிறு இறுக்கம். நகருக்குள் காரை நிறுத்த இடம் தேடினால் படையல் நேரம் தப்பிவிடும் என்று கோட்-வெர்ட்டு நிலையத்தில் மெட்ரோ பிடித்தோம். ஒருவருக்குக் கிட்டத்தட்ட நாலு டாலர். ஸ்னோடனில் நீல வழிக்கு மாறி ஊட்ரெமோனில் இறங்கி, இருபது நிமிடம் நடந்தால் மைல் எண்ட் என்கிற பழைய குடியிருப்பு. நடக்க நடக்க மேப்பிள் இலைகள் காலில் மிதிபட்டன.

முதல் கடை பேகல் கடை. நடுவில் ஓட்டை போட்ட ரொட்டிதான் பேகல். நம் உளுந்து வடையை இரண்டு மடங்காக நினைத்துக்கொள்ளுங்கள். மாவைக் கையால் உருட்டி வளைத்து, தேன் கலந்த நீரில் வேகவைத்து, எள்ளில் புரட்டி, விறகு அடுப்பில் சுடுகிறார்கள். நீளமான பலகையால் அள்ளி எடுத்துத் தொட்டியில் சரிக்கும்போது கடை முழுக்க எள் வாசனை. ஒன்றின் விலை ஒன்றரை டாலர் சொச்சம். நேசன் சொன்னபடி ஒன்றும் தடவாமல் சூடாகக் கடித்தேன். மேலே மொறுமொறுப்பு, உள்ளே மெல்ல மெல்ல ஒரு தித்திப்பு. பாதியைக் கழித்துவிட்டுக் கேட்டதற்கு மனதுக்குள் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். வதனியும் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள், தோற்றுப்போனவள் மாதிரி. படையலுக்கு ஆறு வாங்கிக்கொண்டாள்.

ஒன்பதே முக்காலுக்கு நகருக்குள் இருக்கும் சென் லோரான் பெருவீதியில் இறைச்சிக் கடை. வாசலில் ஏற்கனவே பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். மசாலாவில் நாள் கணக்காக ஊறவைத்துப் புகைபோட்ட மாட்டிறைச்சியை ஆவியில் வேகவைத்து, மெல்லிசாகச் சீவி, ரை என்கிற தானியத்து ரொட்டித் துண்டுகள் இரண்டுக்கு நடுவே ஒரு சாண் உயரத்துக்கு அடுக்கித் தருகிறார்கள். கூடக் கடுகு விழுது, ஊறிய வெள்ளரி. பதினாறு பதினேழு டாலர் ஆகும். கொழுப்பில்லாததாகக் கேட்காதே, கடைக்காரர் உன்னை நோயாளி என்று நினைத்துவிடுவார் என்பது நேசனின் எச்சரிக்கை.

"மாடோ?" என்று வதனி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மாடுதாம்மா."

"மாடு என்ர வீட்டுப் படி ஏறாது." சற்று நேரம் வரிசையைப் பார்த்தாள். "நீங்கள் போய் அவருக்காகச் சாப்பிட்டிட்டு வாங்கோ. வடிவாச் சாப்பிடுங்கோ. மிச்சம் வைக்கக் கூடாது."

ஒரு நண்பனுக்காக என்னென்னவோ செய்திருக்கிறேன், அவனுக்காக மாட்டிறைச்சி சாப்பிட்டது அன்றைக்குத்தான். வாயில் வைத்ததும் கரைந்தது. பாதிக்கு மேல் முடியவில்லை. ஆனால் கண்ணாடிக்கு வெளியே குளிரில் கைகட்டி நின்றபடி வதனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு துணுக்கு விடாமல் முடித்தேன். எழுந்திருக்கும்போது கண்ணில் நீர் வந்துவிட்டது. பாதி கடுகுக் காரம், பாதி நேசன்.

பதினொரு மணிக்கு வீட்டுப் பக்கம், சென்ட் லோரன்ட்டுக்குத் திரும்பி, அவள் ஒரு வருடமாகப் போகாமல் தவிர்த்த அந்தப் பூட்டின் கடைக்குப் போனோம். நேசன் வேலை பார்த்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்கு எதிரே, ஏழெட்டு மேசை போட்ட சின்னக் கடை. பூட்டின் என்பது பொரித்த உருளைக்கிழங்குக் குச்சிகள் மேல் புதுப் பாலாடைக்கட்டித் துண்டுகளைத் தூவிக் கொதிக்கும் இறைச்சிக் குழம்பை ஊற்றுவது. பத்துப் பன்னிரண்டு டாலர். குழம்பு கோழியா மாடா என்று வதனி கல்லாவில் இருந்த அம்மாவிடம் மூன்று முறை விசாரித்துக் கோழி என்று உறுதி செய்துகொண்டாள். தட்டு வந்ததும் முட்கரண்டியைக் கையில் எடுத்தவள், சாப்பிடாமல் அப்படியே வைத்துவிட்டாள்.

"இதுக்காகவோ என்ர சோத்தைக் கொட்டினவர்?" என்றாள். கண் நிரம்பிவிட்டது.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நேசா, மன்னித்துக்கொள் என்று மனதில் சொல்லிவிட்டு அவளிடம் சொன்னேன்.

"கொட்டலம்மா. குடுத்துட்டான். கூட வேலை பார்த்த மார்செல்னு ஒருத்தர். அவர் பொண்டாட்டி செத்துப்போன புதுசுல காய்ஞ்ச ரொட்டியைத் தின்னுட்டு உக்காந்திருப்பாராம். ஒரு நாள் இவன் பாவம் பார்த்துப் பெட்டியை நீட்டியிருக்கான். மறுநாளும் அந்த மனுஷன் பெட்டியைப் பார்த்த பார்வையில இவனால மூட முடியல. பதினொரு வருஷம் ஓடிப்போச்சு. உன் சாப்பாட்டை அவருக்குக் குடுத்துட்டுப் பசிக்கு இங்க வந்து இதைத் தின்னான். பசிக்குப் பழகினதுதான் பேந்து ஊர் சுத்துற ருசியாச்சு."

பிறகு என்பதற்கு அவர்கள் ஊரில் சொல்லும் 'பேந்து' கடைசியில் என் வாயிலும் வந்துவிட்டது. வதனி அதைக் கவனிக்கவில்லை.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா இரண்டு பெட்டி கட்டியிருப்பனே!"

"அதுக்குத்தான் சொல்லல. நாலரைக்கு எந்திரிக்கிறவ நாலு மணிக்கு எந்திரிப்பா, வேண்டாம்னான்."

"அந்த உயரமான வெள்ளைக்காரரோ? செத்த வீட்டில சவப்பெட்டியடியில நிண்டு குழறி அழுதவர். ஆரப்பா இது, என்ர தம்பியைவிடக் கூடவா அழுகிறார் எண்டு யோசிச்சனான்" என்றாள். பிறகு எழுந்து கல்லாவுக்குப் போய்ப் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். அந்த அம்மாவுக்கு மார்செலைத் தெரிந்திருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாராம். உடனே போன் போட்டுக் கொடுத்தார். வதனி விலாசம் சொல்லி, ஒரு மணிக்கு வரச் சொன்னாள்.

ஒரு மணிக்குப் படையல். இலையில் சோறு, நண்டுக்கறி, இறால் குழம்பு, கணவாய்ப் பொரியல், தேங்காய்ப்பால் சொதி, நடுவே ஆறு பேகலும் ஒரு தட்டு ஆறிப்போன பூட்டினும். வதனியின் தம்பி கற்பூரம் காட்டினார். எல்லோரும் கும்பிட்டு முடிக்கும்போது அழைப்பு மணி அடித்தது. வாசலில் எழுபதை நெருங்கும் ஒருவர், டை கட்டி, குனிந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். நேசனின் படத்துக்கு முன்னால் கொஞ்சம் நின்றுவிட்டு வந்து எங்களோடு உட்கார்ந்தார்.

கரண்டி கேட்கவில்லை. கையால் பிசைந்து சாப்பிட்டார். ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி "நண்டு", "றால்", "சொதி" என்று தமிழில் பெயர் சொன்னார். எல்லாம் நேசன் சொல்லிக்கொடுத்த பாடம். வதனி எதிரில் உட்கார்ந்து அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இருவரும் பிரெஞ்சில் பேச, அவள் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"திங்கள் மீன் பொரியல், செவ்வாய் கோழி, புதன் றால், வியாழன் நண்டு. எல்லாம் சரியாச் சொல்லுறார், அண்ணை. செவ்வாய்க்கிழமை உறைப்புக் கூடவாம்." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வெள்ளிக்கிழமை என்ன எண்டு கேட்டன். தெரியாதாம்."

"ஏன், வெள்ளிக்கிழமை வேலை இல்லையா?"

வதனி கேட்டாள். மார்செல் கையை விரித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். அவள் மெதுவாகத் தமிழில் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமைப் பெட்டியை மட்டும் தரமாட்டாராம். மெஷினுக்குப் பின்னால கொண்டுபோய்த் தனிய இருந்து சாப்பிடுவாராம். ஒருக்கா மார்செல் எட்டித் தொட, கையைத் தட்டிவிட்டவராம்."

"வெள்ளிக்கிழமை என்ன கட்டுவே?"

"விரத நாள்தானே, அண்ணை. கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு. சைவம் எண்டு முகத்தைச் சுழிச்சுக்கொண்டெல்லோ எடுத்துக்கொண்டு போவார்! நான் அதை இண்டைக்கு இலையில வைக்கவும் இல்லை."

எழுந்து சமையலறைக்குப் போனாள். கத்தரிக்காய் நறுக்கும் சத்தம் கேட்டது, பிறகு எண்ணெயில் பொரியும் சத்தம். யாரும் கை கழுவவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துச் சட்டியோடு வந்து, படையல் முடிந்துபோன இலையில், நண்டையும் இறாலையும் ஒதுக்கிவிட்டுச் சோற்றுக்குப் பக்கத்தில் அந்தக் குழம்பை வைத்தாள். வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். ஒரு வருடமாக அடைத்து வைத்திருந்தது அத்தனையும் வந்தது. யாரும் தடுக்கவில்லை.

எனக்கும் ஒரு கரண்டி கிடைத்தது. பேகலையும் மாட்டிறைச்சியையும் காட்டிய நண்பனுக்கு, இதையும் காட்டியதற்கு நன்றி சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன். மார்செல் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

திங்கட்கிழமை பிற்பகல் விமானம். வழியில் வதனி சொன்னாள்:

"அவர் போனபிறகு முந்தாநாள் வரைக்கும் அந்தக் குழம்பு நான் வைக்கேல்ல, அண்ணை. ஒருத்திக்கு என்னத்துக்கு எண்டு விட்டிட்டன். வாற வெள்ளிக்கு மார்செலைச் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறன்."

"நேசன் கையைத் தட்டிவிட்ட சாப்பாட்டையா குடுக்கப்போறே?"

விமான நிலையத்தில் காரை நிறுத்தி, என் பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டுச் சிரித்தாள்.

"குடுப்பன். படத்தில இருக்கிறவருக்குப் பாதி எடுத்து வச்சிட்டுத்தான் குடுப்பன்."